வெளியே நீட்டிய சிலிண்டர்கள்: மோட்டோ குட்ஸி 850 டி3 வண்டியின் வீட்டுப் பராமரிப்பு

மோட்டோ குட்ஸி 850 டி3 வண்டியின் பக்கத்தில் நின்று பார்த்தாலே அதன் கட்டுமானம் ஏறக்குறைய முழுவதும் புரிந்துவிடும். 90 பாகைக் கோணத்தில் இரண்டு சிலிண்டர்கள், பெட்ரோல் டேங்கின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. அதன் முன்முனையில் ஆல்டர்னேட்டர். பின்முனையில் ஃப்ளைவீல், அதனுள் உலர் கிளட்ச். அதை ஒட்டி ஐந்து கியர் பெட்டி. அங்கிருந்து ஸ்விங் ஆர்மின் வலது கைக்குள் ஓடும் ஷாஃப்ட், கடைசியில் பின்சக்கரத்தோடு கிரௌன் பினியன். செயின் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. பின்சக்கரம் இழுக்கும் பழைய காரின் அடுக்குதான் இது. இரண்டு சக்கரத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். நின்ற இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் வண்டி முழுவதும் வலப்பக்கம் ஒருமுறை அசைந்து நிமிரும். புதிதாக வாங்கியவர் இதற்குப் பயந்துவிடுவது உண்டு. நீளவாக்கில் சுழலும் கிராங்கின் எதிர்விசைதான் அது; கோளாறு ஏதும் இல்லை.

வீட்டில் வைத்து வேலை பார்ப்பவருக்கு இந்த அடுக்கு முக்கியம். எது கைக்கு எட்டும், எது எட்டாது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் வெளியே இருக்கின்றன. டேங்கைக் கழற்றாமலேகூட ஒரு பக்கத்து ஹெட்டை இறக்கிவிடலாம். கிளட்ச்சும் அதன் முன்னும் பின்னும் உள்ள ஆயில் சீல்களும் வண்டியின் நடு வயிற்றில் புதைந்திருக்கின்றன. எட்டுவதை உரிய நேரத்தில் கவனித்தால் எட்டாததைத் திறக்கும் நாள் தள்ளிப்போகும். இந்த வண்டியின் பராமரிப்பு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மோட்டோ குட்ஸி 1921இல் தொடங்கப்பட்ட நிறுவனம். வட இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உள்ள மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற சிற்றூரில்தான் அதன் தொழிற்சாலை அன்றிலிருந்து இருக்கிறது. இந்த வி வடிவ இன்ஜினை வடிவமைத்தவர் ஜூலியோ சேசரே கார்க்கானோ. 703 சி.சி. அளவில் வி7 என்ற பெயரோடு 1967இல் அது விற்பனைக்கு வந்தது. இத்தாலியப் போலீசுக்கும், பிறகு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் போலீசுக்கும் ஓடிய வண்டி அது. முதல் வி7 வண்டிகளில் டைனமோ இன்ஜினின் தலைமேல், இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. கார்க்கானோவுக்குப் பின் பொறுப்பேற்ற லீனோ தோன்தி அந்த டைனமோவை எடுத்துவிட்டு கிராங்கின் முன்முனையில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். மேலே கிடைத்த இடத்தில் ஃபிரேமின் முதுகுக் குழாய் தாழ்ந்து இறங்கியது. 1971இன் வி7 ஸ்போர்ட் அப்படிப் பிறந்தது. தோன்தி ஃபிரேம் என்றே வழங்கும் இந்தச் சட்டத்தின் கீழ்க்குழாய்கள் இரண்டும் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. கழற்றினால் தனியே வந்துவிடும். இந்த ஒரு ஏற்பாட்டின் அருமை கிளட்ச் வேலையின்போதுதான் தெரியும். 1975இல் வந்த டி3 இதே ஃபிரேமில் 83 மி.மீ. போர், 78 மி.மீ. ஸ்ட்ரோக், 844 சி.சி. இன்ஜினோடு அமைந்தது.

தேவையான கருவிகள் அதிகமில்லை. மில்லிமீட்டர் ஸ்பானர் செட், நல்ல தரத்தில் எலன் கீ, ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், கார்புரேட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வெற்றிட கேஜ் ஆகியவை இருந்தால் ஆண்டு முழுவதும் வரும் வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் தனித் தூக்கி வேண்டாம். கருவிகளில் மிகவும் மதிக்க வேண்டியது டார்க் ரெஞ்ச். இன்ஜின், கியர் பெட்டி, கிரௌன் பெட்டி எல்லாமே அலுமினியம். அவற்றில் இறங்குவதோ எஃகு போல்ட். கை வலுவை நம்பி முறுக்கினால் மரை போய்விடும். ராக்கர் மூடியின் சிறு போல்ட்களும் சம்பின் போல்ட்களும்தான் அதிகம் பலியாகின்றன. போன மரையை ஹெலிகாயில் போட்டு மீட்கலாம், அது முன்னைவிட உறுதியாகவும் இருக்கும். ஆனாலும் ஹெட்டில் துளையிடும்போது விழும் அலுமினியத் துகள் ஒன்று உள்ளே போனால்கூட வேலை இரட்டிப்பாகும்.

பழைய டி3 ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பார்க்க வேண்டியது சிலிண்டர் சுவர். அக்காலத்து குட்ஸி சிலிண்டர்களில் அலுமினியத்தின் உட்புறம் கடினக் குரோமியம் பூசப்பட்டிருந்தது. தேய்மானத்தை அது நன்றாகத் தாங்கும். வயதாகும்போதும், ஓடாமல் ஈரத்தில் கிடக்கும்போதும் பூச்சின் அடியில் அரிப்பு புகுந்து செதிலாக உரியத் தொடங்கும். உரிந்த துகள் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளை அரைக்கும். அப்படிப்பட்ட இன்ஜின் நன்றாக ஸ்டார்ட் ஆகும், புகையாது, சத்தமும் போடாது. ஒரு நாள் கிராங்க் பேரிங் போன பின்புதான் செய்தி வெளியே வரும். பிளக் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பது போதாது. சிலிண்டரைக் கழற்றி மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். உரிதல் பெரும்பாலும் விளிம்பில் தொடங்குகிறது. குரோமிய சிலிண்டரை போர் செய்து பெரிதாக்க முடியாது. 1970களின் இறுதியில் நிகாசில் பூச்சு, அதாவது சிலிக்கான் கார்பைடு துகள் பொதிந்த நிக்கல் பூச்சு, இதன் இடத்தைப் பிடித்தது. மாண்டெல்லோவிலேயே உள்ள ஜிலார்டோனி நிறுவனத்தின் நிகாசில் சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த செட் இதற்கு நிலையான மருந்து. செலவு அதிகம்தான். வண்டியின் வரலாறு தெரியாதபோது இந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய குரோமியச் சுவர் நல்ல நிலையில் இருந்து, ரிங் மட்டும் மாற்றுவதாக இருந்தால், குரோமியம் பூசிய ரிங்கை அதில் போடவே கூடாது. குரோமியத்தின் மேல் குரோமியம் உரசினால் இரண்டும் கெடும்.

இன்ஜினில் ஏறக்குறைய 3 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். 3000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சூடாக இருக்கும்போதே வடித்து, பழைய எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சிறிது பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மினுமினுப்பு தெரிந்தால் மேலே சொன்ன குரோமியத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். டி3க்கு முந்தைய மாடல்களில் வலைச்சல்லடை மட்டும்தான் இருந்தது. கழற்றி மாற்றும் ஃபில்டர் டி3இல்தான் வந்தது. அது இருக்கும் இடம்தான் சங்கடம்: சம்புக்கு உள்ளே. ஃபில்டரை மாற்ற, எண்ணெயை வடித்து, சம்பைச் சுற்றியுள்ள எல்லா எலன் போல்ட்களையும் எடுத்து, சம்பை இறக்கிப் பேக்கிங்கையும் மாற்ற வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கக் கூடாது. இறக்கியபோது வலைச்சல்லடையைக் கழுவலாம், அழுத்த வால்வைப் பார்க்கலாம், அடியில் படிந்த சேறைத் துடைக்கலாம். உள்ளே இருக்கும் ஃபில்டர் தளர்ந்தால் வெளியே சொட்டாது; எண்ணெய் அழுத்தம் மட்டும் போய்விடும். அதனால் அதன் மேல் ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி, கிளிப்பின் திருகு சம்பின் சுவரில் முட்டித் திரும்பாதபடி வைப்பது குட்ஸிக்காரர்களின் பழைய கைவழக்கம். கியர் பெட்டிக்கு 0.75 லிட்டர். கிரௌன் பெட்டிக்கு கால் லிட்டர். அதில் 20 மில்லி மாலிப்டினம் டைசல்ஃபைடு சேர்க்கச் சொல்கிறது கம்பெனிக் கையேடு. இவை இரண்டும் அளவில் சிறியவை என்பதால் மறந்துபோகின்றன. 10,000 கி.மீ. வந்தால் மாற்றிவிடுவது நல்லது.

டாப்பெட் சரிசெய்வது இந்த வண்டியில் சுகமான வேலை. குனிய வேண்டியதுகூட இல்லை. ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால் ஹெட் நெஞ்சுக்கு நேரே இருக்கும். இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும், முந்தின இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே உத்தமம். அலுமினிய சிலிண்டர் சூட்டில் புஷ்ராடைவிட அதிகம் நீள்வதால், சூட்டில் வைத்த இடைவெளி ஆறியதும் குறைந்துபோகும். பிளக் இரண்டையும் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். இன்டேக் வால்வு திறந்து மூடிய பின் பிஸ்டன் மேலே வரும் இடத்தில் நிறுத்தி, டி3க்கு இரண்டு வால்வுக்கும் 0.22 மி.மீ. வைக்க வேண்டும். ஃபீலர் கேஜ் சற்றே இழுபட வேண்டும், சிக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கிய பின் மறுபடி அளக்காமல் மூடியைப் போடக் கூடாது. இறுக்கும்போது திருகும் சேர்ந்து திரும்பியிருக்கும். இடைவெளி அதிகமானால் சத்தம் கேட்கும், பெரிய கேடு உடனே வராது. இடைவெளி அடைந்துபோன வால்வோ சத்தமின்றி எரியும். ‘இந்த வண்டியில் டாப்பெட் சத்தமே இல்லை’ என்று பெருமையாக விற்கப்படும் குட்ஸியை முதலில் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது.

இக்னிஷன் அதற்கு அடுத்தது. டி3இன் டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டு பாயிண்ட் செட், இரண்டு கண்டென்சர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. பாயிண்ட் இடைவெளி 0.37 முதல் 0.43 மி.மீ. வரை. பெல் ஹவுசிங்கில் உள்ள ரப்பர் அடைப்பை எடுத்தால் ஃப்ளைவீலின் குறிகள் தெரியும். டி (D), எஸ் (S) என்ற இரண்டு எழுத்துகள். வலதைக் குறிக்கும் ‘தெஸ்த்ரா’, இடதைக் குறிக்கும் ‘சினிஸ்த்ரா’ என்ற இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இது தெரியாமல் வலது சிலிண்டரை இடது குறிக்கு வைத்துவிட்டு, கார்புரேட்டரைக் குறைசொல்லி வாரக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. முதலில் இடைவெளி, பிறகே டைமிங். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும். ஒரு சிலிண்டரை டிஸ்ட்ரிபியூட்டர் உடலைத் திருப்பியும், மற்றதை அதன் பாயிண்ட் தட்டை மட்டும் நகர்த்தியும் ஒத்துவைக்க வேண்டும். பாயிண்ட் திறக்கும் கணத்தைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். பாயிண்டுக்குக் குறுக்கே ஒரு சிறு பல்பைக் கட்டினால் திறக்கும் நொடியில் அது எரியும்.

கார்புரேட்டர் பக்கம் போவதற்கு முன்பு டாப்பெட்டும் இக்னிஷனும் சரியாக இருக்க வேண்டும் என்ற வரிசை மீறக் கூடாதது. டி3இல் இருப்பவை 30 மி.மீ. தெல்லோர்த்தோ விஎச்பி. எளிய கார்புரேட்டர், மிதவை, ஊசி, ஸ்லைடு, ஜெட் அவ்வளவுதான். கழுவி, ஜெட்டுகளைக் காற்றால் ஊதி, ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடைப்பட்ட ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. பிறகு இரண்டையும் ஒத்துவைப்பது. ஐடிலிங்கில் ஸ்லைடு திருகுகளால் ஒத்துவைத்து, அதன்பின் ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள் இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்லைடுகளைத் தூக்கும்படி அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். கேபிளில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கைப்பிடியில் நடுக்கமாகத் தெரியும். வெற்றிட கேஜில் முள் இரண்டும் ஒன்றாக ஏறும் நேரம் வந்ததும் இன்ஜினின் குரலே மாறிவிடும். தள்ளாடிக்கொண்டிருந்த ஐடிலிங் தாளத்துக்கு வந்து நிற்கும். பழக்கப்பட்ட காது அதைக் கேஜுக்கு முன்பே சொல்லிவிடும்.

மின்சாரத்தில் பாஷ் ஆல்டர்னேட்டர் உழைப்பாளி. கோளாறு என்றால் பெரும்பாலும் கார்பன் பிரஷ், சுற்றுக்கம்பி அறுந்த ரோட்டர், அல்லது சார்ஜ் விளக்கு. கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பாக இருக்கும். அந்தச் சிறு சிவப்பு பல்பின் வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் மின்னோட்டம் போகிறது. பல்ப் எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் விழிக்காது, பேட்டரி ஏறாது. ஆகவே ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன், சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். எரிந்தால் அடுத்தது மல்டிமீட்டர்: ரோட்டரின் இரு வளையங்களுக்கும் இடையே 3 ஓம் அளவில் காட்ட வேண்டும், வளையத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒன்றும் காட்டக் கூடாது. ரோட்டர் கிராங்கின் கூம்பில் இறுகி உட்கார்ந்திருக்கும். நெம்பி எடுக்க முயன்றால் வளைந்துவிடும். நடுத்துளையில் கடினமான ஒரு எஃகுக் கம்பியை நுழைத்து அதன்மேல் போல்ட்டை முறுக்கினால் ‘டக்’ என்று விட்டுக்கொடுக்கும். வயரிங்கில் தேட வேண்டிய இடம் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதி. உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். எர்த் இணைப்புகளை வருடம் ஒருமுறை கழற்றிச் சுரண்டித் திரும்ப இறுக்கினால் இத்தாலிய மின்சாரத்தின் மீதுள்ள பழிகளில் பாதி தீர்ந்துபோகும்.

எண்ணெய்க் கசிவு தனியாகப் பேச வேண்டிய விஷயம். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளி தொங்கினால் உடனே ‘பின் ஆயில் சீல் போச்சு’ என்று முடிவுகட்டி, இன்ஜினை இறக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் அந்தத் துளியை விரலில் தொட்டு முகர வேண்டும். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில். கியர் பெட்டியின் முன் சீல் அல்லது கிளட்ச் புஷ்ராட் வழியாக வருகிறது. வாடை இல்லாமல் கறுத்திருந்தால் இன்ஜின் ஆயில். அப்போதும் பின் சீலைச் சந்தேகிக்கும் முன் மேலே பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவிலிருந்து கிராங்க் கேஸின் மூச்சை வெளியேற்றும் தடித்த ரப்பர் பிரீதர் குழாய் ஒன்று கிளம்புகிறது. பல ஆண்டுச் சூட்டில் அது அடிப்புறம் வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் தெரியும். அந்த வெடிப்பிலிருந்து கசியும் எண்ணெய் இன்ஜினின் முதுகில் இறங்கி, சரியாக பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். ஒரு குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றினால் தீரும் கோளாறுக்காகக் கிளட்ச் வரை கழற்றப்பட்ட இன்ஜின்கள் எத்தனையோ. இன்ஜின் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எண்ணெய் தன் பாதையைத் தானே வரைந்து காட்டும்.

கிளட்ச்சே உண்மையில் தேய்ந்துபோனால்தான் தோன்தி ஃபிரேமின் கருணை வெளிப்படுகிறது. எக்ஸாஸ்ட், கார்புரேட்டர், வயரிங் எல்லாம் விலக்கி, இன்ஜினை மரக்கட்டைகளின் மேல் நிற்கவைத்து, கீழ்க்குழாய்களை ஃபிரேமிலிருந்து பிரித்தால், இன்ஜின் அப்படியே நிற்க ஃபிரேமை மேலே தூக்கிவிடலாம். கனமான இன்ஜினைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு பேர் வேண்டும், ஒரு முழு நாளும் வேண்டும். கிளட்ச்சில் இரண்டு உராய்வுத் தட்டுகள், எட்டு ஸ்பிரிங்குகள். கழற்றும் முன் எல்லாவற்றிலும் குறி போட வேண்டும். ஃப்ளைவீலில் உள்ள அம்புக்குறியும் அழுத்தத் தட்டில் உள்ள புள்ளியும் நேருக்கு நேர் வராவிட்டால் அதிர்வு உண்டாகும். ஃப்ளைவீலே இடம் மாறி ஏறினால் டைமிங் குறிகள் பொய் சொல்லும். இவ்வளவு தூரம் திறந்த பின் தட்டு நன்றாக இருந்தாலும் பின் சீலையும் கியர் பெட்டி முன் சீலையும் மாற்றாமல் மூடுவது வீண் சிக்கனம். கியர் பெட்டியின் உள்வேலையும் கிரௌன் பினியனின் ஷிம் அமைப்பும் வீட்டில் செய்யத் தக்கவை அல்ல. அவற்றுக்கு அளவுக் கருவிகளும், கேட்டுப் பழகிய காதும், பற்களின் தடத்தை வாசிக்கும் கண்ணும் வேண்டும். தேர்ந்த பட்டறைக்கு அனுப்பிவிடலாம்.

ஷாஃப்ட் வண்டிக்கு வேலையே இல்லை என்ற நினைப்பு டி3ஐப் பொறுத்தவரை ஆபத்தானது. கியர் பெட்டிக்குப் பின்னால், ரப்பர் உறைக்குள், ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட்டும் அதைத் தாங்கும் ஒரு பேரிங்கும் இருக்கின்றன. உறை கிழிந்தால் மழைநீர் புகுந்து பேரிங் துரு ஏறும். கால் வைக்கும் இடத்தில் மெல்லிய அதிர்வு, வண்டியைத் தள்ளும்போது ‘கடக்’ ஒலி ஆகியவை அதன் அறிகுறிகள். முற்றினால் ஜாயிண்ட் உடைந்து ஸ்விங் ஆர்மையே பிளக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதாலேயே, வரலாறு தெரியாத வண்டியில் இதைச் சத்தத்துக்காகக் காத்திராமல் மாற்றுவது நல்லது. ஸ்விங் ஆர்ம் கழன்றிருக்கும்போது ஷாஃப்ட்டின் பல்வரிகளுக்கும் கிரீஸ் பூசிவிடலாம்.

டி3 என்ற பெயரிலுள்ள 3 மூன்று டிஸ்க் பிரேக்கைக் குறிக்கிறது. அவற்றைக் கோத்த முறை குட்ஸிக்கே உரியது: கால் பெடல் பின் டிஸ்க்கையும் முன் இடது டிஸ்க்கையும் சேர்த்துப் பிடிக்கும், கை லீவர் முன் வலது டிஸ்க்கை மட்டும். பிரெம்போ காலிப்பர்கள், வார்ப்பிரும்பு டிஸ்க். மழையில் ஓர் இரவு நின்றால் டிஸ்க் செம்பழுப்பாகிவிடும், இரண்டு முறை பிரேக் போட்டால் போய்விடும். பிடிப்போ அருமையாக இருக்கும். சிரமம் ஏர் எடுப்பதில்தான். பெடலிலிருந்து முன்சக்கரம் வரை குழாய் நீண்டு மேலேறி இறங்குவதால் வழியில் குமிழ் தங்கிவிடுகிறது. காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் மேல்நோக்கும்படி பிடித்துக்கொண்டு ஏர் எடுத்தால் பெடல் கெட்டியாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்ற வேண்டும். இல்லையென்றால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். முன் ஃபோர்க்கில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் டேம்பர்கள் மூடி முத்திரையிட்ட தனிக்குழல்கள். ஃபோர்க்கில் ஊற்றும் 60 மில்லி எண்ணெய் வெறும் வழவழப்புக்குத்தான். ஆகவே தொய்ந்த ஃபோர்க்கில் கெட்டியான எண்ணெயை ஊற்றுவதால் பலன் ஏதும் வராது. டேம்பரைத்தான் மாற்ற வேண்டும்.

இவ்வளவும் சீரான பின்புதான் வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். நல்ல மாற்றத்துக்கு ஓர் அளவுகோல் போதும்: இனி இந்த வண்டியில் வேலை செய்வது எளிதாகுமா, கடினமாகுமா? அந்த வகையில் முதலிடம் பெறுபவை கண்ணில் படாதவை. ஹெட்லைட்டுக்கும் ஸ்டார்ட்டருக்கும் ரிலே போட்டால் பழைய சுவிட்சுகளின் சுமை குறைந்து விளக்கு பிரகாசமாகும். ரப்பர் பிரேக் குழாய்களுக்குப் பதில் எஃகுப் பின்னல் குழாய் போட்டால் பெடலின் மெத்தென்ற தன்மை போகும். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தால் கைக்கு எட்டாத மூலையில் அடிக்கடி குனிய வேண்டியிராது. வெளியிலிருந்தே ஃபில்டரைக் கழற்றும்படி அமைந்த சம்பும் கிடைக்கிறது. டி3இன் ஒரே பெரிய வடிவமைப்புக் குறையை அது தீர்த்துவைக்கிறது.

தோற்றத்தை மாற்ற விரும்புபவர்கள் பெரும்பாலும் 1976இன் லே மான்ஸ் மாடலை நினைத்தே தொடங்குகிறார்கள். அதே ஃபிரேம் என்பதால் அது இயல்பாகவே அமையும்: தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில்பார், பின்னால் தள்ளிய கால்தாங்கி, குறுகிய சீட். ஹேண்டில்பாரை மட்டும் தாழ்த்திவிட்டுக் கால்தாங்கியைப் பழைய இடத்திலேயே விட்டால் முதுகும் மணிக்கட்டும் ஒரு மணி நேரத்தில் முறையிடும். இரண்டையும் சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும். லே மான்ஸின் 36 மி.மீ. பிஎச்எஃப் கார்புரேட்டர்கள் ஆசைகாட்டும். கேம், எக்ஸாஸ்ட், கம்ப்ரெஷன் எல்லாம் டி3இன் அளவிலேயே இருக்கும்போது பெரிய கார்புரேட்டர் கீழ்வேகத்து இழுவையைக் கெடுக்கும். நகரத்தில் ஓட்டும் வண்டிக்கு 30 மி.மீ. போதும். ஏர் ஃபில்டர் பெட்டியை எறிந்துவிட்டுத் திறந்த ஃபில்டர் மாட்டுபவர்கள் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும். பிரீதருக்கு எண்ணெய் பிரிக்கும் பெட்டி தொடர்ந்து இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கழற்றிய பெட்டிகளைக் குப்பையில் போட்டவர்கள் பிறகு அதே பெட்டியைத் தேடி அலைவது வழக்கம்.

இணைப்புப் பிரேக்கைப் பிரித்து, முன் இரண்டையும் கை லீவருக்கே தருவது இன்னொரு பிரபலமான மாற்றம். ஒரு காலிப்பரைத் தள்ள அளவெடுத்த மாஸ்டர் சிலிண்டர் இரண்டைத் தள்ளும்போது லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். பெரிய போர் கொண்ட மாஸ்டர் சிலிண்டர் இன்றி இதைச் செய்யக் கூடாது. மூல இணைப்பே, சுத்தமாக வைத்தால், ஈரச்சாலையில் வண்டியை நேராக நிறுத்தும் நல்ல ஏற்பாடு. அதைப் பிரிப்பதற்கு முன் ஒருமுறை முழுமையாகச் சீர்செய்து ஓட்டிப் பார்ப்பது நியாயம்.

ஃபிரேமின் வால்பகுதியை அறுப்பதுதான் மீள முடியாத மாற்றம். கஃபே ரேசர் மோகத்தில் பின் வளையங்களை வெட்டி எறிந்த தோன்தி ஃபிரேம்கள் ஏராளம். பழைய துளைகளில் போல்ட் போட்டுத் தாங்கும் சிறு துணைச்சட்டம் ஒன்று செய்தால் அறுக்காமலேயே அந்த உருவம் கிடைக்கும். இதில் அரசு விதிகளின் பக்கமும் இருக்கிறது. இத்தாலியில் பழைய வண்டிகளை வரலாற்று வாகனமாகப் பதிந்துகொள்ள ஏஎஸ்ஐ போன்ற அமைப்புகளின் சான்று வேண்டும், அவர்கள் மூல அமைப்பைப் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் இத்தகைய மாற்றங்களைப் பரிசோதகர் பார்த்து வண்டியின் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எண்ணெய் தடவி, பெயர் எழுதி, ஒரு பெட்டியில் வைத்திருந்தால் அடுத்து வரும் உரிமையாளர் நன்றி சொல்வார்.

சிலிண்டரையோ ஹெட்டையோ கழற்றிய வேலை முடிந்து முதல் 500 கி.மீ. ஓடியதும், இன்ஜின் ஆறிய ஒரு காலையில், ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பேக்கிங் சூட்டில் அமுங்கியிருக்கும். ஹெட் இறங்கியதால் டாப்பெட் இடைவெளியும் குறைந்திருக்கும். ஆகவே அதே அமர்வில் 0.22 மி.மீ.யை மீண்டும் வைத்து, எக்ஸாஸ்ட் வளையங்களையும் கார்புரேட்டர் ரப்பரின் கிளிப்புகளையும் ஒருமுறை இறுக்கி மூடிவிடலாம்.